விலாங்குப் பத்தி

இரண்டு பத்துக்கு மேல்நிலையத்திலிருந்து பெட்டி கிளம்பியது.
ஆள் ஒருவர்தான்: கோச்சா,
ஷிப்ட் முடிந்து, முகம் கழுவாமல்.
கம்பியில் தொங்கிக் கீழே வந்து சேர நாலரை நிமிடம்.
நாலரை நிமிடத்தில் ஆறு வார்த்தை மனப்பாடம் பண்ணலாம்.
ஏழாவதைத் தொட்டால்
முதலாவது கழன்றுவிடும்.

சனிக்கிழமை குத்தாயிஸியில் பரீட்சை. மூன்றாம் தடவை.
போன தடவை வாங்கியது ஆறு, வேண்டியது ஆறரை.
சுரங்க ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டும்வரை
பதினெட்டு வருஷம் நான் நர்ஸ்.
இருட்டிலும் நரம்பு தேடிப் பிடித்த கை இது.
அதற்கு அரை மார்க் குறைகிறதாம்.

எங்கள் பேச்சில் 'ஏ'யும் கிடையாது, 'தி'யும் கிடையாது.
ஆறு என்றால் ஆறுதான்.
மாங்கனீசு கரைந்து கறுத்துப்போய்
ஊர் நடுவே ஓடும் க்விரிலாவிடம்
எந்த ஆறு நீ என்று யார் கேட்டார்கள்?
ஆங்கிலம் கேட்கிறது.
முதல் தடவை பார்த்தால் ஏதோ ஓர் ஆறு,
மறுபடி பார்த்தால் அந்த ஆறு.
பழகினவரா, புதியவரா என்று
ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும்
வாசலில் நிறுத்தி விசாரிக்கிற மொழி.

இன்னொன்று.
கடைக்குப் போக 'டு' வேண்டும், ஆஸ்பத்திரிக்கு 'டு',
வேலை காத்திருக்கும் கார்க் நகரத்துக்கும் 'டு'.
'ஹோம்' என்றால் மட்டும் வேண்டாம்.
ஏன் என்று இலக்கணப் புத்தகத்தில் இல்லை.
விதிவிலக்கு என்று ஒரு கட்டம் கட்டி
அதற்குள் வைத்திருக்கிறார்கள்.

இன்றைய பத்தி விலாங்கு மீன்.
கடலில் பிறந்து, ஆறுகளில் வளர்ந்து,
கிழடானதும் பிறந்த கடலுக்கே திரும்புகின்றன.
மூன்றாம் கேள்வி:
விலாங்குகள் பிறந்த இடத்துக்குத் திரும்ப விரும்புகின்றன.
சரியா, தவறா, சொல்லப்படவில்லையா?
சரி என்று போட்டேன்.
பின்பக்கம் புரட்டினால் விடை: சொல்லப்படவில்லை.
மறுபடி படித்தேன், விரல் வைத்து.
திரும்புகின்றன என்றுதான் இருக்கிறது.
விரும்புகின்றன என்று
நான்தான் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

அப்போது கரண்ட் போனது.
சக்கரம் நின்று, பெட்டி
ஆற்றுக்கு நேர் மேலே நின்றது.
ஃபோனில் கோச்சா: 'மக்வாலா, எப்போ வரும்?'
பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது:
'சொல்லப்படவில்லை.'
'என்ன?'
'ஒண்ணுமில்லை. படிச்சுக்கிட்டிருந்தேன்.'
'அப்போ சத்தமாப் படி.
கீழே பார்க்காம இருக்கணும் எனக்கு.'

பூமிக்குள் இருநூறு மீட்டர் இறங்குகிறவன்.
உயரம்தான் ஆகாது.

ஆங்கிலத்தில் படித்தேன், பிறகு நம் பேச்சில் சொன்னேன்.
குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்குமாம்,
உள்ளே முதுகெலும்பு தெரியுமாம்.
திரும்பும் வழியில் ஒன்றும் தின்னாதாம்,
வயிறே சுருங்கிப்போகுமாம்.
'தின்னாம எதுக்குப் போகுது?'
'அதைத்தான் கேட்டிருக்காங்க.
விரும்பித்தான் போகுதான்னு.'
கொஞ்ச நேரம் ஃபோனில் காற்று மட்டும்.
பெட்டி லேசாக ஆடுவது
இங்கிருந்தே தெரிந்தது.
'விலாங்கைக் கேட்டாங்களா?'
'இல்லை.'
'அப்புறம் எப்படிச் சொல்றது?'

ஒரு சொல் ஆங்கிலம் தெரியாதவன்
முழு மார்க் வாங்கிவிட்டான்.

கரண்ட் வந்தது. கைப்பிடியை விடாமல் இறங்கினான்.
கரிப்பூச்சுக்குக் கீழே முகம் வெளுத்திருந்தது.
எப்போ கிளம்புறே என்று கேட்பான் என நினைத்தேன்.
வியர்த்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
ரொட்டிக் கடைப் பக்கம் போனான்.

பதிவேட்டில் எழுதினேன்:
தாமதம், பத்தொன்பது நிமிடம். பயணி, ஒருவர்.
பழகட்டும் என்று ஓரத்தில்
பென்சிலால் ஆங்கிலத்திலும்.
'ஏ' பயணியா, 'தி' பயணியா என்று
பென்சில் தயங்கியபோது
மேல்நிலையத்தில் மணி அடித்தார்கள்.